போட்டிக்கு நின்றவன்

"இன்னொரு பெயின்டர் இதைவிடக் குறைச்சுக் கேக்குறானாம்ப்பா. பல் டாக்டர் வீட்டு வேலையை நான் விட்டுடறேன்" என்று கைபேசியைப் பொத்திக்கொண்டு சொன்னான் மகன்.

மாதக்கணக்கில் அவன் பிரஷ் நனையவில்லை. தொழில் அடியோடு படுத்துவிட்டது. புதுக் கட்டடம் எழும்பவில்லை. பழையதற்குப் பூச்சு பூசவும் யாரும் கூப்பிடவில்லை. ஆனாலும் அப்பா நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

"நம்ம குடும்பம் எவன்கிட்டடா தோத்திருக்கு? அவன் இறங்கினா நீயும் இறங்கு!"

"கைக்காசுதான் போகும்ப்பா."

"போகட்டும். வெட்டியா இருக்கான்னு பேர் வாங்காதே."

மேலும் இரண்டு முறை இறங்கியபின் வேலை மகனுக்கே கிடைத்தது. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

சற்று நேரத்தில் அவருடைய கைபேசி ஒலித்தது. தனிக்குடித்தனம் போயிருக்கும் மூத்த மருமகள் பேசினாள்.

"மாமா, உங்க பெரிய பிள்ளை சாப்பிடாம சுவத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்கார். இத்தனை நாளுக்கப்புறம் ஒரு பல் டாக்டர் வீட்டுல பெயின்ட் வேலை வந்துச்சு. எவனோ அடிமாட்டு விலைக்கு இறங்கி இப்பத்தான் பிடுங்கிட்டானாம். அடுத்தவன் வயித்துல அடிக்கிறது எந்த அப்பன் சொல்லிக்கொடுத்த புத்தியோ, மாமா!"