பக்கத்துக் கல்லறை

"அம்மா, ஜெர்மனிக்கே வந்திடுங்கோ. இஞ்சை எங்கடை கிராமத்திலை முந்நூறு வருசத்துக் கல்லறையளோடை ஒரு சேமக்காலை இருக்கு. அங்கை அப்பாவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தலாம்," என்று தொலைபேசியில் கெஞ்சினாள் மகள் நிலூஜா.

"கொப்பரை இஞ்சை கல்லறையிலை தனிய விட்டிட்டு வரேலாது, பிள்ளை."

வெஸ்ட்லி பகுதி அடுக்குமாடியில் அடைபட்டுக் கிடந்த றெஜினாவுக்கு மூச்சு முட்டியது. என்றாலும் ஒஸ்லோவை விட்டு அசைய மறுத்தாள். ஞாயிறு தவறாமல் கணவரின் கல்லறைக்குப் போய், அங்கே யாரோ வைத்திருக்கும் பூவை ஒதுக்கிவிட்டு மெழுகுதிரி ஏற்றுவாள். பக்கத்தில் மெழுகுதிரி ஏற்ற ஆளில்லாமல் கிடந்த நோர்வேக்காரரின் கல்லறைக்கும் பாவம் பார்த்து ஒன்று ஏற்றுவாள்.

இந்தக் கிழமை வெள்ளியன்றே போனாள். அங்கே கையில் பூவோடு ஒரு நோர்வேக் கிழவி நின்றாள்.

"என் கணவருக்கு மெழுகுதிரி ஏற்றுகிறவள் நீதானா?" என்று பக்கத்துக் கல்லறையைக் காட்டி அதட்டினாள்.

றெஜினா பதறிப்போய் விளக்கம் சொன்னாள். கிழவி தலையில் கை வைத்தாள்.

"அவருடைய கள்ளக்காதலி என்றல்லவா நினைத்தேன்! உன்னைப் பிடிக்கத்தான் மகனிடம் போகாமல் இந்த ஊரிலேயே கிடந்தேன். கோபத்தில் அவருக்குப் பூ வைப்பதையும் நிறுத்திவிட்டு, பக்கத்திலிருக்கும் இந்த நல்ல மனிதருக்கு வைத்துக்கொண்டிருந்தேன்," என்று றெஜினாவின் கணவரது கல்லறையைக் காட்டினாள்.

றெஜினா உடனே மகளை அழைத்தாள்.

"டிக்கெட்டைப் போடு, பிள்ளை. கொப்பருக்குப் பூ வைக்கிறவள் ஆரெண்டு கண்டுபிடிச்சிட்டன்!"