நான்கு ரப்பர் துண்டுகள்

"அப்பா, நம்ம வீட்டு ரேடியோவுல பாடுறவங்க ஏன் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாடுறாங்க? பெரியப்பா வீட்டுல பக்கத்துலயே உக்காந்து பாடுறாங்களே!" என்று மகள் ஒருநாள் கேட்டது ரேடியோ மெக்கானிக்கின் நெஞ்சில் இன்னும் முள்ளாய்க் குத்துகிறது. இன்று அவர்களைத் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருக்கும் அந்தப் பெரியப்பா, அதாவது அவனுடைய சகலை, தன் பழைய செட்டைவிட உசத்தியாக ஒரு புது சிடி பிளேயரை வாங்கி ஸ்பீக்கர் பெட்டியின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறார். சாயங்கால வெயில் அதன் வெள்ளி மூடியில் மினுங்குகிறது. ஆனால் டிரம் அதிரும்போதெல்லாம் பாடகியின் குரல் நடுங்குகிறது. பெட்டியின் அதிர்வுதான் உள்ளே சுழலும் தட்டை உலுக்குகிறது என்று அவனுக்குத் தெரியும். வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கிறது. "என்ன சகலை, இந்தம்மாவுக்குக் குளிர்காய்ச்சலா?" என்கிறார் அவர். "புது இடமாச்சே, வெக்கப்படுறாங்க," என்கிறான் அவன். எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட எழுகிறார்கள். சகலை அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார். அவன் கால் ஒடிந்து கிடந்த இரண்டு மாதமும் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது அந்தக் கைதான். இப்போது மேலே இருப்பவனைத் தவிர அவனைப் பார்க்க யாருமில்லை. மகளுக்கென்று வாங்கிய புது ரப்பரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, நான்காக நறுக்கி, பிளேயரின் நான்கு மூலைக்கும் அடியில் செருகுகிறான். பொத்தானை அழுத்துகிறான். டிரம் அதிர்கிறது; பாடகி கொஞ்சமும் நடுங்காமல் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடுகிறாள். அவன் கை கழுவப் போகிறான்.