சாம்பல் குதிரையின் இன்சுலின்

லாயக் கதவின் மேல்பாதி வழியாக விழும் காலை வெயிலில் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைத் தூக்கிப் பிடிக்கிறார். சாம்பல் நிறக் கிழக் குதிரையின் கழுத்தைப் பிடித்து நிற்கும் குதிரைக்காரப் பெரியவருக்கு அந்தத் தாளைக் கண்டாலே ஆகவில்லை. "இன்சுலின் ரொம்ப ஏறியிருக்கும்மா. இது நிஜம்னா குளம்புக்குள்ள வீங்கி, நிக்கவே முடியாமப் போயிடும்," என்கிறார் டாக்டர், குதிரையின் முதலாளியம்மாவிடம். முதலாளியம்மா கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "அப்ப இன்னைக்கே வந்த விலைக்குத் தள்ளிவிட்டுடலாம். சீக்குக் குதிரையோட யார் மாரடிக்கிறது?" "பதினெட்டு வருஷம் உங்களச் சுமந்தவள ஒரு துண்டுக் காகிதம் சொல்லிச்சுன்னு தள்ளிவிடுவீங்களா? நேத்து வந்த மிஷினுக்கு இவ உடம்பப் பத்தி என்ன தெரியும்?" பெரியவர் போடும் சத்தத்தில் கூரைப் புறாக்கள் படபடக்கின்றன, குதிரை மட்டும் காதை அசைக்காமல் காய்ந்த புல்லை மெல்லுகிறது. டாக்டர் பேனா மூடியைக் கடித்தபடி கேட்கிறார்: "பெரியவரே, ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ஏதாச்சும் தின்னக் குடுத்தீங்களா?" பெரியவரின் கழுத்து நரம்பு புடைக்கிறது. "குடுத்தேன்யா! ஊசியப் பாத்தாலே நடுங்குறா, அரை வாளி ஓட்ஸ் குடுத்துத்தான் நிறுத்தினேன். கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வாய்ல இருந்த முத்தா கொட்டிப்போயிருக்கும்?" "தானியம் தின்னா எந்தக் குதிரைக்கும் ஏறத்தான் செய்யும். இது செல்லாதும்மா. நாளைக்கு வெறும் புல்லோட மறுபடி எடுக்கலாம்," என்று டாக்டர் அந்த எண்ணின் மேல் கோடு இழுக்கிறார். "நாளைக்கும் ஏறியிருந்தா?" என்கிறாள் முதலாளியம்மா. குதிரை தலையைத் திருப்பி, தின்ன ஏதாவது இருக்குமென்று பெரியவரின் உள்ளங்கையைத் தேடி வருகிறது. "போடி அந்தப் பக்கம்!" என்று சீறியபடி அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்.