கொடி மூடிய வரி

முள்ளம்பன்றியிடம் அக்குபங்சர் உரிமம் இருந்தது. டாக்டர் பட்டமோ நாட்டிய ஆராய்ச்சிக்கு வாங்கியது.

"எதுல டாக்டர்னு பலகையில எழுதணும். அதான் சட்டம்," என்றது காகம், முள்ளம்பன்றியின் வைத்தியசாலை வாசலில் 'டாக்டர்' என்று தொங்கிய பலகையைப் பார்த்து.

"எழுதித்தானே வச்சிருக்கேன்?" என்று சீறியது முள்ளம்பன்றி. அந்த வரியின்மேல் கோவைக்கொடியைப் படரவிட்டதும் அதுதான்.

அப்போது பாம்பு கடித்த குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு மான் ஓடிவந்தது.

"டாக்டர்னு போட்டிருந்துச்சே! அதான் யானை நடத்துற ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்க திரும்பிட்டேன். காப்பாத்துங்க டாக்டர்!"

குட்டியின் வாயில் நுரை தள்ளியது. முள்ளம்பன்றியின் முட்கள் அத்தனையும் சிலிர்த்து நின்றன. விஷத்துக்கு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

வாசலுக்கு ஓடி, பலகைக்குக் கீழே நின்று அலறியது: "யாராவது ஒரு டாக்டரைக் கூட்டிட்டு வாங்க!"