சீட்டியடிக்கக் கூடாத மேடை

"வாயைக் குவிச்சா மணல் மூட்டை மண்டையில விழும். அப்புறம் என்மேல பழி போடாதீங்க."

மேடைக்கு மேலே, கயிறுகளுக்கு நடுவே நின்றபடி, திரைக் கயிறு இழுக்கும் கிளெக் சொன்னார். கீழே நின்ற நடிகன் குவித்த உதட்டைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டான்.

லண்டனில் அந்த அரங்கத்தில் வெள்ளிக்கிழமை புதிய இசை நாடகம். ஆர்ச்சி போல்டன் என்ற காலஞ்சென்ற சீட்டிக் கலைஞரின் வாழ்க்கைக் கதை. அவர் சீட்டியடித்தால் குருவிகள் வெட்கப்பட்டு ஊரைவிட்டே போய்விடும் என்று அந்தக் கால விளம்பரங்கள் சொல்லின. குருவிகளை யாரும் விசாரிக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், லண்டன் நாடக மேடைகளில் யாரும் சீட்டியடிக்கக் கூடாது. ஒரு காலத்தில் கப்பலில் வேலை பார்த்தவர்கள்தான் திரைக் கயிறு இழுத்தார்கள். சீட்டிதான் அவர்களுக்குச் சைகை. எவனாவது சும்மா சீட்டியடித்தால் மாளிகை வரைந்த திரை அவன் தலையில் இறங்கும். மாலுமிகள் போய்விட்டார்கள். பயம் இங்கேயே தங்கிவிட்டது.

"ஆர்ச்சி இதே மேடையில காலம் பூரா சீட்டியடிச்சாரே, கிளெக்!" என்றார் இயக்குநர் ரூபர்ட்.

"அது எங்கப்பா கயிறு பிடிச்ச காலம், முதலாளி. வேற எவன் அடிச்சாலும் சட்டையைப் பிடிச்சுத் தெருவுல தள்ளுவார். ஆர்ச்சியை மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டார். ஏம்ப்பான்னு கேட்டா சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். ஒரு சீட்டி கேட்டுச்சுன்னா, கயிறு பிடிக்கிற நாங்க அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிடுவோம்."

ரூபர்ட் முன்வரிசையைப் பார்த்தார். மடியில் குடையோடு ஆர்ச்சியின் மனைவி மேபல் உட்கார்ந்திருந்தார். கதையின் உரிமை அவரிடம். தொடக்கப் பாட்டு அவருக்குப் பிடித்தால்தான் வெள்ளிக்கிழமை திரை விலகும். இல்லையென்றால் ரூபர்ட் பழையபடி நாய் பிஸ்கட் விளம்பரம் எடுக்கப் போக வேண்டியதுதான்.

"சீட்டிக்குப் பதிலா புல்லாங்குழல், மேடம். கேளுங்க!"

மேபல் கண்ணை மூடிக் கேட்டார். "பிரமாதம் கண்ணு. ஆடெல்லாம் எப்ப மேய வரும்?"

அடுத்து, மேடையில் ஆர்ச்சி வீட்டு அடுப்படிக் காட்சி. அடுப்பில் கெட்டில் கொதித்து, சுருதி சேர்ந்து கூவியது.

"டீ ஞாபகம் வருது. ஆர்ச்சி ஞாபகம் வரலையே."

ரூபர்ட் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "நீங்க சொன்ன சேதிதான், மேடம். உங்களுக்குச் சளி பிடிச்சா ஆர்ச்சி அன்னிக்கு நிகழ்ச்சியையே ரத்து பண்ணிடுவாராமே. என்ன ஒரு காதல்!"

ஒரு வரிசைப் பெண்கள் கைக்குட்டையோடு வந்து, தாளத்துக்குத் தும்மி ஆடினார்கள். மேபல் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"நிஜம்தான். கிறிஸ்துமஸ் காட்சியைக்கூட ரத்து பண்ணினார், என் ஒரு தும்மலுக்கு."

"அப்போ இதையே வச்சுக்கலாமா?"

"வேண்டாம். ஆர்ச்சி நிகழ்ச்சின்னா முதல்ல சீட்டிதான் கேக்கணும்."

ரூபர்ட் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க சீட்டி வேணும்ங்கறீங்க. இவர் சீட்டி கூடாதுங்கறார். நான் நாய்ங்ககிட்டயே போயிடறேன். அதுங்களாவது சொன்னா கேக்கும்."

மேபல் எழுந்தார். மேடையின் பக்கச் சுவரில் உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலைக் குடையால் காட்டினார். "அதை ஏன் சாத்தி வச்சிருக்கீங்க? புழுக்கமா இருக்கு."

"குளிர் வருதும்மா," என்றார் கிளெக்.

"திறடா. உங்கப்பா அதைச் சாத்தினதே இல்லை."

கிளெக் திறந்தார். மேபல் பக்கவாட்டுக் கதவு வழியாகச் சந்தில் இறங்கிப் போய்விட்டார். வெளியே தூறல்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் சாப்பிடப் போங்க," என்றார் ரூபர்ட்.

அப்போது கேட்டது சீட்டி. மெல்லத் தொடங்கி, மேலே ஏறி, உச்சியில் ஒரு குலுங்கு குலுங்கிக் குருவிபோல் கீழே விழுந்தது. கிளெக் ஏணியில் சறுக்கி இறங்கி, நடிகனின் கழுத்துப்பட்டையைப் பிடித்துவிட்டார்.

நடிகனின் வாய் நிறையப் பாலாடைக்கட்டி சாண்ட்விச். அப்படியொரு வாயால் சீட்டியடிக்க முடியாது என்பதைக் கிளெக்கே ஒப்புக்கொண்டார். ஆனால் சீட்டி நிற்கவில்லை.

எல்லாரும் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள். சீட்டி நின்றதும் பக்கவாட்டுக் கதவு திறந்தது. மேபல் குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார்.

"சந்துல அடிச்சா தோஷம் உண்டா, கிளெக்? இல்லைன்னு உங்கப்பா சொன்னார்."

கிளெக் தொப்பியைக் கழற்றினார். ரூபர்ட் மேடை விளிம்பிலிருந்து எழுந்தார்.

"அப்போ... ஆர்ச்சி?"

"அவருக்குச் சீட்டியே வராது, கண்ணு."