ஃபைனல் கட்

டீக்கடை பெஞ்சில் மொட்டையோடு தோள் உரச உட்கார்ந்து மச்சினன் சிரித்துக்கொண்டிருந்தான். பட்டறை ஜன்னல் வழியே அதைப் பார்த்த முதலாளிக்கு வயிறு எரிந்தது. மொட்டை, அடுத்த தெரு லேத் பட்டறைக்காரர். தன் வாடிக்கைக்காரர்களைக் கொத்திக்கொண்டு போய்த்தான் அவர் ஆளானார் என்பது முதலாளியின் கட்சி.

"பாத்தியா உன் தம்பியை? மெஷினை நிறுத்திட்டு அங்க போய்ப் பல்லைக் காட்டிட்டு இருக்கான்."

அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி திரும்பவில்லை. "அந்தக் கடையில இருக்கறதே ஒரு பெஞ்சு. வேற எங்க உக்காருவான்?"

போன மாதம்தான் மொட்டை வழிமறித்து, "உங்க மச்சினன் கைக்கு என் பட்டறையில எப்பவும் இடம் உண்டு" என்று சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பு முதலாளிக்கு இன்னும் செரிக்கவில்லை.

லேத்தில், கல் உடைக்கும் ஆலையின் ஷாஃப்ட் படுத்திருந்தது. கிரேன் இல்லாமல் அசையாத இரும்புத் தண்டு. பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோனதால் அங்கே வெல்டிங் வைத்து மேடாக்கியிருந்தார்கள். அதைக் காலையிலிருந்து மச்சினன் கடைந்து கடைந்து அளவுக்குக் கொண்டுவந்திருந்தான். பாக்கி இருந்தது கடைசிச் சீவலான ஃபைனல் கட் மட்டும்தான்.

அதில்தான் சூட்சுமமே. பேரிங்கை எண்ணெயில் காய்ச்சினால் உப்பிக்கொண்டு சுலபமாக ஏறும். ஆறியதும் சுருங்கி ஷாஃப்டைக் கவ்விக்கொள்ளும். ஷாஃப்ட் ஒரு முடியளவு இளைத்தாலும் பிடிப்பு போய்விடும். நாளைக் காலையில் லாரி வந்து நிற்கும். வேலை கெட்டால் ஆலைக்காரர் நேராக மொட்டையிடம் போய்விடுவார். அந்த ஒரு ஆலையை நம்பித்தான் பட்டறையே ஓடிக்கொண்டிருந்தது.

"ஃபைனல் கட்டுக்கு முன்னாடிதான் இவனுக்கு டீ தாகம் எடுக்கும், கவனிச்சியா? ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. வேலை இழுக்கணும், லாரி வெறுமனே திரும்பணும். மொட்டைகிட்ட வாக்குக் குடுத்திருக்கான்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள் மனைவி.

முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு லேத்தின் முன் போய் நின்றார். லேத்தில் கடையும் டர்னராக இருந்து முதலாளி ஆனவர்தான்; நாற்காலியில் உட்கார்ந்து வருஷங்கள் ஆகியும் கை தொழிலை மறக்கவில்லை. மெஷின் உறுமியது. நீலம் பாரித்த இரும்புச் சீவல் சுருள் சுருளாக உதிர்ந்தது.

நிறுத்திய கையோடு மைக்ரோமீட்டரை வைத்தார். அளவு கச்சிதமாக வந்திருந்தது. மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார். "நல்லா பாத்துக்க. நாளைக்கு சாட்சி வேணும்." சந்தோஷத்தில் ஷாஃப்டைத் தட்டிக் கொடுத்தவர், வெடுக்கென்று கையை உதறிக்கொண்டார்.

மச்சினன் டீயை முடித்துத் திரும்புவதற்குள் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டார். "காலையில வந்தா போதும்னு போன் பண்ணு. வேலை முடிஞ்சதைச் சொல்லாத. அவன் என்ன பண்றான்னு பாப்போம்." மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே செய்தாள்.

அன்று வீட்டில் அவர் கரண்டியால்தான் சாப்பிட்டார். மனைவி ஏனென்று கேட்டதற்கு, "யோசனையில இருக்கேன்" என்றார்.

காலையில் முதல் ஆளாக வந்து மறுபடி அளந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறையும் அளந்தார். ஷாஃப்ட் இளைத்திருந்தது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி, பேரிங் இனி அதில் லொடலொடவென்று ஆடும்.

குனிந்து லேத்தின் அடியில் பார்த்தார். தான் நேற்று உதிர்த்த சீவலைத் தவிர ஒரு துணுக்கு புதிதாக இல்லை. தான் சீவியதை மட்டும் தடயம் தெரியாமல் பொறுக்கி வேறு எடுத்திருக்கிறான், கில்லாடி என்று பல்லைக் கடித்தார். பட்டறைக்கு இரண்டே சாவிகள். ஒன்று அவர் இடுப்பில், இன்னொன்று மச்சினனிடம்.

மச்சினன் அக்காவோடு பேசிக்கொண்டே உள்ளே வந்தான். "மாமா, ஃபைனல் கட்டை இப்பப் போட்டுடறேன். லாரி வர்றதுக்குள்ள..."

"நடிக்காதடா. அதை நேத்தே நான் முடிச்சாச்சு. அளவு சரியா இருந்துச்சு, உங்கக்காவும் பாத்தா. பூட்டினதுக்கு அப்புறம் வந்து சீவிட்டுப் போயிருக்க. மொட்டை சொல்லிக் குடுத்தானா?"

அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். நேற்று அந்த அளவை அவளும்தானே கண்ணால் பார்த்தாள். அவள் தம்பியின் முகத்தைச் சந்தேகத்தோடு தேடினாள். மாமா திட்டியதைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது.

"சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு. இனிமே இந்த வாசலை மிதிக்காத."

மச்சினன் சாவியை எடுத்தான். அதை வாங்க மாமா கையை நீட்டினார். அந்த விரல்களைப் பார்த்தவன் சாவியைத் தராமல் அப்படியே நின்றான்.

"கையில என்ன மாமா, கொப்புளம்?"

"நேத்து அளந்து முடிச்சுட்டு ஷாஃப்டைத் தொட்டேன். சுட்டு..." முதலாளி பாதியிலேயே நிறுத்தி ஷாஃப்டைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறட்டும்னுதான் மாமா, நான் எப்பவும் டீக்குப் போறது."