பெட்டியில் விழுந்த கடிதம்

கல்லூரி மனநல ஆலோசனை மையத்தின் ‘மனசைக் கொட்டுங்க’ பெட்டியில் பெயர் போடாத கடிதம் ஒன்று கிடந்தது.

‘நான் வாயைத் திறந்தாலே எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கறாங்க.’

தலைமை ஆலோசகர் பதறினார். “எந்தப் பிள்ளையோ பாவம்! உடனே கண்டுபிடிக்கணும்.”

“மேடம், அது வந்து...” என்றாள் வரவேற்பு மேஜைப் பெண்.

“இரும்மா, முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கோம்ல?”

“காது கொடுத்துக் கேக்க ஆளில்லாம தவிக்குது,” என்றார் இளைய ஆலோசகர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

“எழுதினது நான்தான், மேடம்.”

தலைமை ஆலோசகர் முகத்தில் அசடு வழிந்தது. “நமக்கெல்லாம் வாசல்ல ஒரு போர்டு வேற! மன்னிச்சுடும்மா. உக்காந்து மனசு விட்டுப் பேசலாம். எப்ப வச்சுக்கலாம்?”

அவள் அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் புரட்டினாள்.

“அடுத்த மாசம் இருபத்திமூணாம் தேதிதான் உங்களுக்குக் காலி, மேடம். என் பேரை எழுதிக்கட்டுமா?”